குசினிக்குப் பின்னால் ஒரு முதலீடு



மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். புகாரியில் வரும் அறிவிப்பில் அவருடைய பெயர்கூட இல்லை. தமது தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் 'ஸில்க்' என்னும் கீரையை நட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அதன் கிழங்கைப் பிடுங்கிச் சட்டியிலிட்டு, வாற்கோதுமை மாவில் ஒரு பிடி சேர்த்துச் சமைப்பார். ஜும்ஆ முடிந்து வரும் ஸஹாபாக்கள் அவருக்கு ஸலாம் சொல்லி அமர்வார்கள், அவர் பரிமாறுவார். அதில் இறைச்சியும் இல்லை, கொழுப்பும் இல்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டுக்காகவே தாங்கள் வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்ததாக ஸஹ்ல் இப்னு ஸஃது (ரழி) அவர்கள் சொல்கிறார்கள்.

ஸில்க் என்பது வேறொன்றுமில்லை. நமது நுவரெலியாப் பக்கத்திலிருந்து லொறி லொறியாக இறங்கும் பீட்ரூட்டின் சொந்த இனம்தான். கிழங்கை எடுத்துக்கொண்டு தழையைக் குப்பைக்குப் போடுகிறோமே, அந்தத் தழைக்கும் அவருடைய கீரைக்கும் அதிக தூரமில்லை.

பூண்டுலோயாவில் இருக்கும் சகோதரிக்கு இதை ஏன் சொல்கிறேன்? "நானும் ஏதாவது செய்து நாலு காசு பார்க்க வேண்டும்" என்று ஒரு பெண் வாய் திறந்தால், உடனே கேட்கப்படும் கேள்வி "முதலுக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான். அதற்கு அடுத்தபடியாகக் கிழமைக்குக் கிழமை கட்டும் லோன் வாசலுக்கே வந்துவிடுகிறது. அந்த லோன் நமது நாட்டுப் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இரகசியமல்ல. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வட்டி ஹராம் என்று உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வட்டியில்லாமல் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லித்தருபவர்கள்தான் குறைவு. குசினிக் கதவைத் திறந்து பின்பக்கம் பாருங்கள். அங்கிருந்துதான்.

"எங்களுக்கு ஏது காணி? முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்குப் பின்னால் மேடு" என்பீர்கள். உண்மைதான். அந்த மேட்டை வெட்டிப் பாத்தி கட்டாதீர்கள் என்பதே எனது முதல் வேண்டுகோள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு மண்ணை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். சரிவில் இருக்கும் வேரும் புல்லும் அப்படியே இருக்கட்டும். உரம் வந்த பழைய பேக், பெயின்ட் வாளி, தயிர்ச் சட்டி இவை போதும். சட்டியின் அடியில் ஓட்டை போட மறந்தால் மே மாதம் தொடங்கும் பெருமழையில் செடி மூழ்கி அழுகிவிடும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை புளிப்பு மண்ணில் சந்தோஷமாக வளரும் பயிர். மரக்கறிகளில் பெரும்பாலானவைக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. ஆகவே நம்மைச் சுற்றியுள்ள மண்ணை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டு, "எனது கைக்கு எதுவும் முளைக்காது" என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. தோட்டங்களில் தேயிலைக்கே போடுகிறார்களே, அந்த டொலமைட்டில் ஒரு சிறு கைப்பிடியை ஒரு பேக் மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று கிழமை ஆறவிட்டு நடுங்கள். தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், காய்ந்த இலை எல்லாவற்றையும் கூட்டெருவாக்குங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து, சில மாதங்களில் அந்தத் தடையை நீக்கியபோது விவசாயி பட்ட பாடு பெரிது. கூட்டெரு ஒரே இரவில் ஆகிற காரியமல்ல என்பதை அன்று நாடே படித்தது. உங்கள் குழியை இன்றே தொடங்கினால் மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வரும்.

மிளகாய்ச் செடியின் தண்டில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நம்மூரோடு பழைய சொந்தம் உண்டு. பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஈ. ஈ. கிரீன் என்பவர், இலங்கையின் செதிள் பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார். அவர் விவரித்த பூச்சிகளில் பல இங்கே பிடித்தவை! அவற்றின் இனிப்புச் சாற்றுக்காக எறும்புகள் காவல் காக்கும். ஆகவே எறும்பு வரிசை தெரிந்தாலே செடியைத் திருப்பிப் பாருங்கள். சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

இனி வியாபாரம். 2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். (அந்த லீவில் எத்தனை பாத்தி எழும்பியது என்று நான் கேட்கப் போவதில்லை.) அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அப்போது மிஞ்சியும் மிளகாயும் வீட்டில் இருந்தவளுக்கு, அதுவே ஒரு வருமானமாக இருந்தது. வாங்காமல் மிச்சப்பட்ட காசுதான் உங்கள் முதலாவது இலாபம். அதை ஓர் உண்டியலில் தனியாகப் போடுங்கள். அடுத்த விதைக்கும் பேக்குக்கும் அதிலிருந்தே எடுங்கள். ஒரு போகம் இப்படி வீட்டுக்கு உண்டு, அண்டை வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்துப் பழகிய பிறகு விற்கத் தொடங்கினால் தடுமாற்றம் இருக்காது.

எதை நடுவது? கரட்டிலும் கோவாவிலும் பெரிய விவசாயியோடு போட்டி போட நம்மால் முடியாது. அவசரத்துக்குத் தேவைப்படுவது, வாடிவிடுவது, தூரத்திலிருந்து வந்தால் பழுதாகிவிடுவது, இவைதான் நமக்குரியவை. மிஞ்சி, கொத்தமல்லித் தழை, வெங்காயத்தாள், சலாது. ஓர் ஓரத்தில் சவ்சவ் கொடி. ரமழானில் வீட்டுக்கு வீடு நோன்புக் கஞ்சி, சமோசா, சட்னி. அப்போது ஒரு கட்டு மிஞ்சிக்கு எவ்வளவு தேட்டம்! ரமழான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் வரும். 2027இல் பிறையைப் பொறுத்துப் பெப்ரவரி இரண்டாம் வாரமளவில் வரக்கூடும். கொத்தமல்லித் தழைக்கு ஆறு கிழமை வேண்டும். ஆக, டிசெம்பர் கடைசியில் விதைப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல் பத்து நாளுக்கு ஒரு சட்டி என்று விதையுங்கள்.

விற்கும்போது கவனம் வேண்டும். தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரமாக இருக்கக் கண்டு, ஈரமானதை மேலே வைத்தால் என்ன என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். நமது கட்டிலும் வாடிய காம்பு நடுவே ஒளிந்திருக்கக் கூடாது. நிறைக்காகத் தண்ணீர் தெளிப்பதும் அதே ஏமாற்றுத்தான். காய் பருவம் தெரியுமுன்பே, "செடியில் இருக்கிறதை எல்லாம் இப்போதே விலை பேசுவோம்" என்று ஒருவர் வந்தால் மறுத்துவிடுங்கள். அது மார்க்கம் தடுத்த விற்பனை. இன்ன பொருள், இத்தனை கிலோ, இன்ன திகதி என்று குறித்து முழுக் காசையும் முன்கூட்டிப் பெறும் 'ஸலம்' வேறு. அதற்கு அனுமதி உண்டு.

பக்கத்து வீட்டு ராத்தா "பிறகு தாறேன்" என்பார். கொடுங்கள், ஆனால் கொப்பியில் எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுவதால் மனம் நோகும் என்று நினைக்கிறோம். எழுதாமல் விட்டுத்தான் உறவுகள் முறிகின்றன.

கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஆசை வந்தால் சீட்டு இருக்கிறது. எல்லாரும் ஒரே அளவு போட்டு, ஒரே அளவு எடுக்கும் சீட்டு. கழிவு விட்டு எடுக்கும் ஏலச் சீட்டு வேண்டாம். மரத்தக்காளிச் சட்னி, அச்சாறு என்று போத்தலில் அடைக்கத் தொடங்கினால் சேர்மானங்களும், தயாரித்த திகதியும், காலாவதித் திகதியும் லேபலில் இருக்க வேண்டும். அதற்கு முன் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குரங்கு வந்து பிடுங்கிவிட்டதா? உம்மு முபஷ்ஷிர் (ரழி) அவர்களின் ஈச்சந்தோட்டத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினையுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்கு ஸதகாவாகும். அதற்காக வலை கட்டாமல் விடச் சொல்லவில்லை! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல்.

உழைத்து வரும் காசு உங்களுடையது. கைத்தொழில் செய்த ஸைனப் (ரழி), தமது கணவர் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களுக்கும் தமது பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவழிப்பது பற்றிக் கேட்டபோது, உறவைப் பேணியதற்கும் ஸதகாவுக்கும் என இரட்டைக் கூலி உண்டு என்று பதில் வந்தது. கணவனுக்குக் கொடுப்பது ஸதகா என்றால், அந்தக் காசு அவளுடையது என்றுதானே பொருள்? வீட்டு ஆண்களும் இந்தப் பந்தியை வாசிப்பது நல்லது.

இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரியும் இதை வாசிக்கக்கூடும். ஜாபிர் (ரழி) அவர்களின் சாச்சி தலாக் ஆகி இத்தாவில் இருந்தபோது ஈச்சம்பழம் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் தடுத்தார். நபி (ஸல்) அவர்களிடம் போய்க் கேட்டார். பறிக்கும்படியும், அதிலிருந்து அவர் தர்மமோ நன்மையோ செய்யக்கூடும் என்றும் சொன்னார்கள். உங்கள் நிலைமையை ஊர் ஆலிமிடம் இந்த ஹதீஸைச் சொல்லியே கேளுங்கள். மற்றவர்கள் அவருடைய செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள், அவருடைய கட்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

விதைக்குத் தனியாகக் காசு தேட வேண்டாம். குசினியில் இருக்கும் கொத்தமல்லியே விதைதான். வறுத்தது மட்டும் முளைக்காது. உருட்டுக் கட்டையால் மெதுவாக இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அரை அங்குல ஆழத்தில் போடுங்கள்.