குப்பன் என்றால் நகைப்பா?

"கண்ட குப்பனும் சுப்பனும் தேர்தலுக்கு நிற்கிறான்!" — மாடி வீட்டு மைனர்கள் உதிர்க்கும் மணிமொழி இது. குப்பன் என்றால் அவர்கள் அகராதியில் கூலிக்காரன். சுப்பன் என்றால் சுமைதூக்கி. ஆளப் பிறந்தவன் அல்லன். அடங்கிக் கிடக்க வேண்டியவன்!

திருவொற்றியூர் என்ன சொல்லிற்று, தெரியுமா? 2011-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் கே. குப்பன் என்பவரையே தேர்ந்தெடுத்துக் கோட்டைக்கு அனுப்பிற்று. அவரிடம் தோற்றவர் யார்? அமைச்சராக இருந்த கே.பி.பி. சாமி! சாமியைக் குப்பன் வென்றார். வரம் கொடுக்கும் சாமி வேறு. வாக்குக் கேட்கும் சாமி வேறு. 2016-இல் அதே மக்கள் சாமியைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பெயரைப் பார்த்தா மாற்றினார்கள்? இல்லை! பக்கத்து இராயபுரத்திலோ, 2021-இல் 'ஐட்ரீம்' மூர்த்தி வென்றார். திரையரங்கின் பெயர் முன்னே நிற்க, ஆள் பின்னே வந்தார். ஆனாலும் அசையாதவர் என்று எண்ணப்பட்ட அமைச்சர் ஜெயக்குமார் அசைந்துவிட்டார்!

குப்பன் என்ற பெயர் எப்படி வந்தது? பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து மடிந்த வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று அழைப்பது வழக்கம். இழிந்த பெயரைக் கேட்டால் எமன் ஏறிட்டும் பாரான் என்பது நம்பிக்கை. மூடநம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. மருத்துவமனை எட்டாத ஏழையின் வரலாறு இருக்கிறது. அதைக் கண்டா நகைப்பது?

ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் அடால்ஃப் ஹிட்லர் உனோனா என்பவர் 2020-இல் 85 விழுக்காடு வாக்குப் பெற்று உள்ளாட்சி மன்றம் சென்றார். தந்தை அறியாமல் வைத்த பெயர் என்றார் அவர். மக்கள் பெயரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தனர்.

பெயர் குற்றமல்ல, தோழர்களே! பெயரைத் திருடுவதே குற்றம்!

2004-இல் கேரளத்து ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். அதே களத்தில் நின்ற வி.எஸ். சுதீரன் என்பவர் பெற்ற வாக்கோ 8,282! ஓர் எழுத்து மாற்றம். ஒரு தொகுதியே கைமாற்றம்! 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படமும் ஒட்டப்படுகிறது. தந்திரம் ஒழிந்ததா? 2024-இல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். உடனே மேலும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் முளைத்தனர்! சுயேச்சைகளின் பெயர் அகரவரிசையில் அடுக்கப்படும்; ஆறு பெயரும் அருகருகே நின்றால், கண் மங்கிய கிழவி எந்தப் பொத்தானை அழுத்துவாள்?

ஒரே பெயருடையோரைத் தடுக்க வேண்டும் என்று 2024-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவனைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படித் தடுப்பது என்று கேட்டு, வழக்கை ஏற்க மறுத்தனர் நீதிபதிகள். நியாயம்தான்! இன்று போலிப் பன்னீர்செல்வத்தைத் தடுக்கும் சட்டம், நாளை உண்மைக் குப்பனையும் வாசலில் நிறுத்தும். ஏழைக்கு எஞ்சியுள்ள உரிமையில் கை வைக்க நாம் ஒப்போம்.

ஆனால், ஏழையின் பெயரை வாடகைக்கு எடுத்து, இன்னோர் ஏழையின் வாக்கைக் கவர்கிறார்களே, அந்தக் கயமையை முறியடிப்பது யார் வேலை? நீதிமன்றத்தின் வேலையல்ல, நம் வேலை. காசிமேட்டில் வலை பின்னும் தோழரே, எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டும் தோழரே, தேர்தல் வரும்போது மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் எடுங்கள். வீடு வீடாகச் செல்லுங்கள். வரிசை எண் இது, படம் இது, சின்னம் இது என்று பாட்டியின் விரலைப் பிடித்துக் காட்டுங்கள். மேடையில் நாம் பேசும் ஒரு மணி நேரப் பேச்சைவிட அந்த ஒரு நிமிடம் பெரிது.

குப்பன் என்ற பெயரைக் கேட்டு எவரேனும் நகைத்தால், நாமும் நகைப்போம் — வாக்குகளை எண்ணி முடித்த பிறகு!