நகர்த்தலாம், நகலெடுக்கக் கூடாது

கேம் கன்சோல் பழுதானால் வேறொன்று வாங்கிவிடலாம். இணையத்தில் வாங்கிய விளையாட்டுகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதது சேவ் ஃபைல் ஒன்றுதான். எந்தக் கட்டம் வரை போனோம், என்னென்ன சேர்த்தோம் என்று மாதக்கணக்கான ஆட்டத்தைக் குறித்துவைத்திருக்கும் கோப்பு அது. பல விளையாட்டுகளில் அதன் அளவு சில மெகாபைட்டைத் தாண்டாது. 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனில் இதற்கென்றே 128 கிலோபைட் மெமரி கார்டு இருந்தது. முகப்பில் இரண்டு கார்டுகளைச் செருக இடம் இருக்கும். ஒன்றில் உள்ளதை மற்றதில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தலாம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் நண்பர் வீட்டில் ஆட்டத்தைத் தொடரலாம். பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்த இந்தக் காரியம் இன்று கடினமாகிவிட்டது என்றால், பழி தொழில்நுட்பத்தின் மேல் இல்லை. நிறுவனங்கள் தெரிந்தே அடைத்த வழி இது.

2017-இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்சைப் பாருங்கள். மைக்ரோ எஸ்டி கார்டு போட்டிருக்கிறோமே, எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்டில் விளையாட்டு இருக்கும், படங்கள் இருக்கும். சேவ் ஃபைல் இருக்காது. அது கன்சோலின் உள்நினைவகத்தை விட்டு வெளியே வராது. இன்னொரு ஸ்விட்சுக்கு அனுப்ப வசதி உண்டு. ஆனால் இரண்டு கருவிகளும் அருகருகே உயிரோடு இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் பழையதில் அது அழிந்துவிடும். இடம் மாற்றித் தருகிறார்களே தவிர, பிரதி தருவதில்லை. கன்சோல் தண்ணீரில் விழுந்த பிறகு இந்த வசதியால் பயன் ஏதுமில்லை. சோனியின் கதை இன்னும் வேடிக்கை. பிளேஸ்டேஷன் 4 சேவ் ஃபைலைச் சாதாரண பென்டிரைவில் எடுத்து வைக்கவிட்டது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் பழைய 4-க்கான விளையாட்டு என்றால் அதே யுஎஸ்பி துளை வழியாக நகலெடுக்கலாம். 5-க்கான விளையாட்டு என்றால் முடியாது. சந்தா கட்டி கிளவுடில் ஏற்ற வேண்டும், இல்லையேல் கன்சோல் முழுவதையும் பேக்கப் எடுக்க வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்துப்போக வீட்டையே மூட்டை கட்டச் சொல்வது போல.

இதற்கு அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2008-இல் நின்டெண்டோவின் 'வீ' கன்சோலில் செல்டா விளையாட்டுக்கென்று திரித்து எழுதிய ஒரு சேவ் ஃபைலை எஸ்டி கார்டு வழியே ஏற்றி, கன்சோலின் பூட்டையே உடைத்தார்கள். ஆன்லைனில் பொருள் பரிமாறும் விளையாட்டுகளில் வேறு சிக்கல்: பேக்கப் எடுத்துவிட்டு, அரிய பொருளை நண்பருக்குக் கொடுத்து, பழைய சேவ் ஃபைலை மீட்டெடுத்தால் ஒன்று இரண்டாகிவிடும். இரண்டும் மெய்யான கவலைகள்தான். ஆனால் முதலாவதற்குப் பிளேஸ்டேஷன் 4-லேயே ஒரு விடை இருந்தது: கோப்பைக் குறியாக்கம் செய்து ஆடுபவரின் கணக்கோடு பிணைத்துவிட்டார்கள், வெளியிலிருந்து யாரும் லேசில் திருத்திவிட முடியாது. இரண்டாவது, பரிமாற்றம் உள்ள சில விளையாட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். தனியாக உட்கார்ந்து ஆடுபவர் தன் சேவுக்குப் பத்துப் பிரதி வைத்துக்கொண்டாலும் யாருக்கும் நட்டமில்லை. பரிமாற்ற விளையாட்டுக்கும் வழி இருப்பதை நின்டெண்டோவே காட்டியது. 2020 மார்ச்சில் வந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' முதலில் பேக்கப் எதையும் அனுமதிக்கவில்லை; எதிர்ப்புக்குப் பின் ஜூலையில், கன்சோல் தொலைந்தாலோ பழுதானாலோ மட்டும் மீட்டுத் தரும் ஏற்பாடு வந்தது.

கிளவுட்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். கிளவுட் நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் அது வாடகைக்குத்தான் கிடைக்கிறது. நின்டெண்டோவின் சந்தா காலாவதியாகி 180 நாள் கடந்துவிட்டால், ஏற்றிவைத்தது திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 'ஸ்ப்ளட்டூன் 2' போன்ற சில விளையாட்டுகளுக்குச் சந்தா கட்டினாலும் கிளவுட் கிடையாது. சர்வர் நடத்தச் செலவாகிறது என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்றிலிருந்து இதே வசதியை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. பென்டிரைவுக்கோ சர்வரே வேண்டாம். ஆகவே சோனியிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: 4-க்கான விளையாட்டுகளுக்கு இருக்கும் நகலெடுக்கும் வசதியை 5-க்கும் திறந்துவிட வேண்டும். அதுவரை, பழைய கன்சோலை விற்கவோ பழுதுபார்க்கவோ கொடுப்பதற்கு முன், எந்தெந்த விளையாட்டு கிளவுடில் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.