வாசலுக்கு ஒரு கதிர்வளையம்

கனடாவில் இருக்கிற பிள்ளைகள் ஒக்டோபர் வந்தால் வாசற்கதவில் மேப்பிள் இலை வளையம் மாட்டிப் படம் அனுப்புகிறார்கள். ‘காசு செலவழிக்காமல் நாங்களும் ஒன்று கட்டினால் என்ன?’ என்று கேட்கும் கந்தளாய்க்காரருக்குத்தான் இது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் விளக்கமாகவே சொல்லவேண்டும்.

எங்களுக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் சித்திரையை ஒட்டி விதைத்த சிறுபோகம் ஆவணி, புரட்டாதியில் அறுவடைக்கு வந்துவிடும். கோணேசர் கோயில் பணிக்காகக் குளக்கோட்டன் கட்டுவித்தது என்று ஐதீகம் சொல்லும் கந்தளாய்க் குளம் இருக்கிறதே, மழையில்லாத அந்த மாதங்களில் வயலுக்கு அதன் தண்ணீர்தான். ஆகவே மேப்பிள் இலையைத் தேடி அலையவேண்டாம், நெற்கதிர் போதும்.

முதலில் ஒரு சங்கடத்தைப் பேசிவிடுவோம். வட்டமாகப் பூக்கட்டி வாசலில் வைத்தால் ஊர் என்ன நினைக்கும்? செத்தவீட்டுக்குத்தான் மலர்வளையம் கொண்டுபோவார்கள். குருத்தோலைத் தோரணத்தில்கூட நல்ல காரியத்துக்குக் குருவித்தலை மேலே பார்க்கவேண்டும், கெட்ட காரியத்துக்குக் கீழே என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிற சனம் நாங்கள். அதனால் பூவை, முக்கியமாக வெள்ளைப் பூவை, விட்டுவிடுங்கள். கதிர் என்றால் எந்தப் பெரியவரும் முகம் சுளிக்கமாட்டார். தைப்பூசத்தை ஒட்டிப் புதுக்கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து புதிர் எடுக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. சபரிமலையில் நிறைபுத்தரி என்ற புதுக்கதிர் வழிபாட்டில் கொடுக்கிற கதிரை வீட்டு வாசலில் கட்டிவைக்கிறார்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, மேற்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். எனக்கு அந்த வடிவம்தான் பிடிக்கும்.

கதிர் எங்கே எடுப்பது? அறுவடை மெசின் போன வயலில் கிடக்கிற வைக்கோல் நசுங்கிப்போயிருக்கும், கதிர்க்கொத்துக்கு உதவாது. மெசின் திரும்ப முடியாத மூலையையும் வரம்போரத்தையும் கையால் அரிவார்கள். வயற்காரரிடம் கேட்டால் இரண்டு கைப்பிடி தராமலா போவார்? கதிரின் அடிமணிகளில் இலேசாகப் பச்சை நிற்கும்போதே அரிந்துவிடவேண்டும். நன்றாக முற்றிவிட்டால் கை பட்டதும் மணி கொட்டும். தாளோடு சேர்த்து ஒரு முழ நீளமாவது வேண்டும். இப்போதைய இன நெல்லெல்லாம் பசளை போட்டாலும் சாயக்கூடாது என்று குட்டையாக உருவாக்கியவை. யாராவது பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல் விதைத்திருந்தால் அங்கே போங்கள், தாள் நெடுநெடுவென்று இருக்கும்.

அரிந்ததைச் சிறுசிறு பிடியாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று வீசுகிற காலம், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். வெயிலில் போட்டால் தாள் மொறுமொறுத்து, வளைக்கும்போது ஒடியும். மாரி தொடங்கிய பிறகு இந்த வேலையைத் தொடவேண்டாம், பூசணம் பிடிக்கும்.

வளையத்துக்குக் கடையில் கம்பி வாங்காதீர்கள். பச்சை ஓலையில் கிழித்த ஈர்க்குப் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து வளைத்துக் கட்டினால் போதும். (பழைய விளக்குமாற்றிலிருந்து உருவவேண்டாம். மாட்டப்போவது முன்வாசலில்!) வைக்கோலை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, புரியாக முறுக்கி அந்த ஈர்க்குமேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு ஒரு நாள் உலரவிடுங்கள். இந்த ஒரு நாளைத்தான் பலரும் பொறுப்பதில்லை. ஈரவைக்கோல் காயும்போது சுருங்கும், அதன்மேல் அவசரப்பட்டுப் போட்ட முடிச்செல்லாம் தளர்ந்து கதிர் வழுகிவிடும்.

இனி ஐந்தாறு கதிரை ஒரு கொத்தாக எடுத்து வாழைநாரால் வளையத்தில் கட்டுங்கள். அடுத்த கொத்தின் கதிர்த்தலை முந்திய முடிச்சை மூடவேண்டும். கூரைக்குக் கிடுகு வேய்வது மாதிரி, எல்லாம் ஒரே திசையில் படிந்து போகவேண்டும். திசை மாறினால் கூளம் கட்டித் தொங்கவிட்டது போலாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் சோளப்பொத்தியின் காய்ந்த தோலை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து மடித்துச் செருகலாம். குன்றிமணி கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் அந்த விதை கொடிய நஞ்சு. சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம், மஞ்சாடி விதை கோத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய மறுநாளே குருவியும் அணிலும் வந்துவிடும். விரட்டாதீர்கள். குருவிக்கென்றே கதிர்க்கொத்துத் தொங்கவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு, நத்தார் காலத்தில் நோர்வேக்காரரும் ஓட்ஸ் கதிர்க்கட்டைப் பறவைகளுக்குக் கட்டிவைக்கிறார்கள். யானை நடமாட்டம் உள்ள பக்கமாக இருந்தால்தான் யோசிக்கவேண்டும். நெல் இருக்கிற வீட்டுச் சுவரை அது இடிப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. அங்கே மணியை உருவிவிட்டு வெறும் தாளால் கட்டுங்கள்.

மணியெல்லாம் போனபின் கதிர்க்காம்பை மாட்டுக்குப் போடலாம். புரிவளையத்தை எறியாமல் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மாசியில் பெரும்போகம் அரியும்போது புதுக்கதிர் கட்ட அதே வளையம் உதவும்.