மகப்பேறும் தொழின்முதலும்

குடும்பம் என்பது உண்டும் உறங்கியும் வாழும் இடமாத்திரமன்று; நாட்டின் உற்பத்திக்கு வேண்டிய மக்களை ஈன்று வளர்த்துத் தரும் நிலைக்களமுமாகும். ஆயினும், நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் பொருளியலார் தாய் செய்யும் பிள்ளை வளர்ப்பை அக்கணக்கிற் சேர்ப்பதில்லை. கூலிபெற்று ஓர் ஆயா குழந்தையைப் பார்த்தால் அவ்வுழைப்பு வருமானமாகின்றது. அதே வேலையைத் தாய் செய்தால் அது கணக்கில் வாராது. கணக்கில் வாராமையால் அதற்குச் செலவில்லை என எண்ணுதல் பொருந்தாது. இழந்த கூலியும் கைவிட்ட தொழிலுமே அதன் செலவாம். அச்செலவைத் தாங்க வேண்டியவர் யார் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினாவாகும்.

உழைக்கும் குடும்பத்திற்கு அரசு செய்யத்தக்க உதவிகள் மூன்று. மகப்பேற்றின்போது ஊதியத்தோடு கூடிய விடுமுறை ஒன்று. தாய் வேலைக்கு மீண்டபின் குழந்தையைப் பேணும் இடம் மற்றொன்று. சொந்தத் தொழில் செய்வார்க்கு ஏற்ற முதல் பிறிதொன்று. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது விடுமுறை. 1919ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதல் மாநாடே மகப்பேற்றுப் பாதுகாப்புப் பற்றி ஓர் உடன்படிக்கையை இயற்றியது. பேற்றிற்கு முன் ஆறு கிழமையும் பின் ஆறு கிழமையும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றும், அக்காலத்து உதவிப்பணம் பொதுநிதியிலிருந்தோ காப்புறுதி முறையாலோ வழங்கப்படவேண்டும் என்றும் அது விதித்தது. 1952ஆம் ஆண்டின் திருத்திய உடன்படிக்கை, தொழில் கொள்வோர் தனித்து அச்செலவைச் சுமக்கும் நிலை கூடாது என்று வெளிப்படையாகவே கூறிற்று. இவ்விதியின் நுட்பம் பின்னர் விளங்கும்.

இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் நிறைவேறியது. கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோர்க்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. இரண்டு பிள்ளைகளை உடைய தாய் அடுத்த பேற்றிற்கு 42 நாள் விடுமுறையே பெற்றுவந்தாள். 2018இற் செய்யப்பட்ட திருத்தங்கள் அவ்வேறுபாட்டை நீக்கி, எல்லாப் பேற்றிற்கும் 84 நாள் என வகுத்தன. இது போற்றத்தக்கதே. ஆனால் தனியார் துறையில் அந்நாட்களுக்குரிய ஊதியத்தைக் கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் தொழில் கொள்வோர் மேலேயே வைத்தது. ஐந்து பேரை வைத்துக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடுமுறையில் இருப்பவளுக்கும் அவளிடத்தில் வேலை செய்பவருக்கும் அவர் ஒருங்கே சம்பளம் கொடுக்கவேண்டும். அடுத்த முறை ஆளெடுக்கும்போது, மணமான பெண்ணின் விண்ணப்பத்தை அவர் வாய்திறவாது ஒதுக்கிவிடுவார். பெண்ணைக் காக்க எழுந்த சட்டமே அவளுக்கு வாயிலடைக்கும் கதவாகிவிடுகின்றது. 2017இல் விடுமுறையைப் பன்னிரண்டு கிழமையிலிருந்து இருபத்தாறு கிழமையாக உயர்த்திய இந்தியாவிலும் இதே கவலை எழுந்தது.

இச்சிக்கலை அவிழ்த்த நாடு சுவீடன். அந்நாடு 1974இல் தாய்க்கேயுரிய விடுமுறையைப் பெற்றோர் இருவர்க்கும் உரியதாக மாற்றியது. இப்பொழுது ஒரு குழந்தைக்கு 480 நாட்கள் வழங்கப்படுகின்றன. அவற்றுள் 90 நாட்கள் தந்தைக்கும் 90 நாட்கள் தாய்க்குமெனத் தனித்தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒதுக்கிய நாட்களை மற்றவர் எடுத்தல் இயலாது. பணத்தைக் கொடுப்பது முதலாளியன்று, சமூகக் காப்புறுதி நிதியே. ஒவ்வொரு முதலாளியும் தம் ஊழியர் ஆணாயினும் பெண்ணாயினும் சம்பளத்தில் ஒரே வீதப்படி அந்நிதிக்குச் செலுத்துகின்றார். ஆதலின் பெண்ணை வேலைக்கு வைப்பதால் அவர்க்குத் தனிச்செலவில்லை. தந்தையும் விடுமுறை எடுப்பதால், ஆணை வைத்தாற் கவலையில்லை என்னும் எண்ணமும் தளர்கின்றது. சொந்தத் தொழில் செய்வோரும் தம் வருமானத்திலிருந்து நிதிக்குச் செலுத்தி அவ்வுதவியைப் பெறுகின்றனர் என்பது குறிக்கொள்ளத்தக்கது.

அடுத்தது குழந்தைக் காப்பு. இதில் நம் மலைநாட்டுத் தோட்டங்கள் நெடுங்கால வழக்கமுடையன. கொழுந்து கொய்யச் செல்லும் தாய் தன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வாள். முன்னாளில் ஒரு முதியவளின் பார்வையிலிருந்த அவ்விடங்கள் பலவற்றில் பிற்காலத்திற் பயிற்சிபெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் அமர்ந்தனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உடைய தாய்க்கு நாளொன்றில் இருமுறை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளை காப்பிடம் அமைந்த தொழிலிடமாயின் ஒவ்வொன்றும் அரைமணி, அஃது இல்லாவிடின் ஒருமணி. நகரத்துக் காரியாலயத்தில் வேலைசெய்யும் தாய்க்கோ, குழந்தை அயலூரில் இருக்க அந்த ஒருமணி என்ன பயன் தரும்? பாட்டியார் இருக்கும் வீட்டில் வேலை தொடர்கின்றது. இல்லாத வீட்டில் தாய் வேலையை விடுகின்றாள். இலங்கையில் வேலை செய்யும் வயதினரான பெண்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரே தொழிற்படையில் உள்ளனர். பல்கலைக்கழகம் வரை பெண்களைப் படிப்பித்த நாட்டிற்கு இது பெருநட்டமன்றோ?

மூன்றாவது முதல். உத்தியோகம் பார்க்காது தையல், பனையோலை வேலை, உணவுத் தயாரிப்பு என வீட்டிலிருந்தே தொழில் செய்வோர்க்கு விடுமுறைச் சட்டம் எட்டாது; அவர்க்கு வேண்டுவது கடன். ஈடுவைக்க நிலமில்லாதவர் ஒருவர்க்கொருவர் பிணைநின்று கடன்பெறும் ஐக்கிய நாணய சங்க முறையை இலங்கை 1911இற் சட்டமாக்கியது. வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்னும் கிராமத்தில் 42 பேர்க்கு மொத்தம் 27 டொலரளவு பணத்தைக் கொடுத்துத் தொடங்கிய முயற்சி 1983இற் கிராமின் வங்கியாயிற்று. 2006இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்றது.

எனினும் கடன் இருமுனைக் கத்தியாம். 2009இற் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வீடுதேடி வந்தன. உயர்ந்த வட்டியும் கிழமைதோறும் வரும் தவணையும் பல பெண்களை ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கச் செய்தன. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள்பட்ட சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்தது. சங்கத்தில் வட்டி உறுப்பினர்க்கே மீளும். கம்பனியில் அது வெளியே போகும். அன்றியும், கடன்பட்டவள் பிள்ளை பெற்றால் தையல் இயந்திரம் நிற்கும், தவணை நிற்பதில்லை.

இவ்விடத்தே மூன்று உதவிகளும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்றலைக் காண்கின்றோம். விடுமுறை உண்டு, காப்பிடம் இல்லையெனில் விடுமுறை முடிவில் வேலையும் முடியும். முதல் உண்டு, பேறுகால உதவி இல்லையெனில் முதல் கடனாய் மாறும். ஆகவே, முதலாளிகளும் ஊழியரும் சொந்தத் தொழிலாளரும் அரசும் சேர்ந்திடும் ஒரு பொதுநிதியே முதற்படியாகும். சிறுதொகையாயினும் பலரும் இடுவதாயின், அது சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம்மவர்க்கு விளங்காத கணக்கன்று. தவணைக்கு மூன்று மாத ஓய்வு கொடுக்கும் விதியைக் கடன் கொடுக்கும் சங்கங்கள் தாமே ஆக்கிக்கொள்ளலாம்.

நம் மாணவர் நாளை கணக்காளராகவும் முகாமையாளராகவும் சங்கத் தலைவராகவும் அமர்வர். விண்ணப்பங்களைப் பார்த்து ஆளெடுப்பவரும் அவரே; வீட்டில் தந்தையாவாரும் அவரே. குழந்தையால் வரும் பயன் ஊர் முழுவதற்கும் உரியது. அதன் சுமையை ஒரு தாயின் தோளிலோ ஒரு சிறுகடைக்காரர் கல்லாவிலோ ஏற்றிவிடுதல் நீதியுமன்று, பொருளியலுமன்று என்பதை அவர்கள் மனங்கொள்வாராக.