சிலை எங்கே என்று கேட்ட ஜானகி அம்மாள்

சென்னைக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் சேப்பாக்கத்தில் பல்கலைக் கழகக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். கணித மேதை ராமானுஜன் பெயரில் அமைந்த உயர் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பிளஸ் டூவோடு புத்தகத்தை மூடி வைத்த எனக்கு, அங்கே நடக்கிற ஆராய்ச்சியில் ஒரு வரிகூடப் புரியாது. ஆனால் அந்த நிலையத்தின் கதையும், அதற்குக் கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளின் கதையும் நம் போன்ற குடும்பப் பெண்களுக்கு நன்றாகவே புரியும்.

முதலில் நிலையத்தைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். ராமானுஜன் காலமானது 1920 ஏப்ரல் 26. அவர் பெயரில் ஒரு கணித ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஆனது. 1950ல் அதைத் தொடங்கியவர் காரைக்குடியில் கல்லூரிகளாகக் கட்டிக் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார். முதல் இயக்குநர் தி. விஜயராகவன். கணிதத்தில் பெரிய பெயர். 1955ல் அவர் போனார். 1957ல் செட்டியாரும் போய்விட்டார். பணம் கொடுத்த கை இல்லையென்றதும் நிலையத்தை மூடிவிடும்படி ஆகிவிட்டது. அப்போது பொறுப்பில் இருந்தவர் சி.டி. ராஜகோபால். அவருடைய சிநேகிதர், சிகாகோவிலிருந்த விஞ்ஞானி சந்திரசேகர், பிரதமர் நேருவுக்கே எழுதினார். நிலையம் சென்னைப் பல்கலைக் கழகத்தின் கைக்கு வந்து பிழைத்தது. 1967ல் பல்கலைக் கழகத்தின் கணிதத் துறையும் அதோடு சேர்ந்து, இன்றைய உயர் ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று.

இந்தச் சந்திரசேகரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 1983ல் நோபல் பரிசு வாங்கியவர். இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருவார்.

இனி ஜானகி அம்மாள். 1909ல் கல்யாணம் ஆனபோது அவருக்கு வயது பத்து. சேர்ந்து குடித்தனம் நடத்தியது எத்தனை நாள் என்கிறீர்கள்? ராமானுஜன் சீமைக்குக் கப்பலேறும் முன்பு ஒன்றிரண்டு வருஷம். 1919ல் நோயாளியாகத் திரும்பி வந்த பிறகு ஒரு வருஷம். அவ்வளவுதான். இருபத்தொரு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கடைசி வருஷத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வேளை தவறாமல் சாதம், எலுமிச்சம்பழ ரசம், மோர் என்று கொடுப்பாராம். நெஞ்சிலும் காலிலும் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம். வெந்நீர் போட்ட அந்த இரண்டு பாத்திரங்களைக் கிழவியான பிறகும் பத்திரமாக வைத்திருந்தார். (அதைப் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.) அந்த நாளில் காச நோய் என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். டாக்டர் யங் என்ற ஆங்கிலேயர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, 1994ல் வேறு மாதிரிச் சொன்னார். சீதபேதி உண்டாக்கும் அமீபா கிருமி ஈரலில் போய்த் தங்கியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அப்படியானால் அந்தக் காலத்து மருந்திலேயே குணப்படுத்தியிருக்கலாமாம். என்ன செய்வது!

படுத்த படுக்கையிலும் மனுஷர் கணக்கை விடவில்லை. தாள் தாளாக எழுதினார். அந்தத் தாள்கள் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் போய், 1923ல் இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. பிறகு எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. 1976ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியைக் குடைந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அகப்பட்டன. அதில் சுமார் 600 சூத்திரங்கள்! கருந்துளைகளை ஆராய்கிறவர்களுக்குக்கூட அந்தக் கடைசி வருஷத்துக் கணக்குகள் இன்று உதவுகின்றனவாம்.

ஜானகி அம்மாளோ பம்பாயில் அண்ணன் வீட்டில் சில வருஷம் இருந்து தையல் கற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியாகக் குடித்தனம் வைத்தார். பல்கலைக் கழகம் கொடுத்த சின்னப் பென்ஷன், அதோடு தையல் வருமானம். யார் தயவையும் எதிர்பார்க்கவில்லை. 1950ல் ஒரு பையனைத் தத்தெடுத்து, படிக்க வைத்து, பாங்க் அதிகாரியாக்கினார். துறைமுகமும் சில மாநில அரசுகளும் கொடுத்த பென்ஷனெல்லாம் வயதான காலத்தில்தான் வந்தது. தையல் மிஷினை மிதிக்கிற வயதில் வந்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்!

1936ல் சந்திரசேகர் ஊருக்கு வந்தபோது, ராமானுஜனின் நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்று ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார். சந்திரசேகர் ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அம்மாளிடம் இருந்தது பாஸ்போர்ட்டில் ஒட்டிய படம் ஒன்றுதான். இன்று தபால்தலையிலும் புத்தகங்களிலும் நாம் பார்க்கும் அந்தக் கூர்மையான கண்கள் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்து வந்தவைதான்.

இத்தனைக்குப் பிறகும் அம்மாளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. கணவருக்குச் சிலை வைப்பதாக எப்போதோ சொன்னார்கள், அது எங்கே என்று எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பேட்டியில் கேட்டுவிட்டார். வாயைத் திறந்து கேட்டாரே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். இங்கே யாருக்கு உறைத்ததோ தெரியாது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணிதப் பேராசிரியருக்கு உறைத்தது. பல நாட்டுக் கணிதக்காரர்களிடமும் விஞ்ஞானிகளிடமும் பணம் திரட்டினார். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, அதே பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்தார். பிரதிகள் பல நிலையங்களுக்குப் போயின. ஒன்று திருவல்லிக்கேணி வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

1987 டிசம்பர் 22, ராமானுஜனின் நூற்றாண்டுப் பிறந்த நாள். டிரினிட்டியில் கிடைத்த அந்தத் தாள்களை அச்சிட்டுச் சென்னையில் புத்தகமாக வெளியிட்டவர் பிரதமர் ராஜீவ் காந்தி. முதல் பிரதியை ஜானகி அம்மாள் கையில்தான் கொடுத்தார். இரண்டாவதுதான் கண்டெடுத்த ஆண்ட்ரூஸுக்கு.