கூட்டத்துக்கு ஆகும் கூலி

திருப்பாச்சூரில் 15 பேர் உள்ள மகளிர் குழு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆளுக்கு 25 ரூபாய் சேமிப்பு. மாதம் நான்கு கூட்டத்தில் 1,500 ரூபாய் சேரும். கூட்டம் ஒரு மணி நேரம் என்றால் 15 பேருக்கும் சேர்த்து மாதம் 60 மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரமாக ஏழரை ஆள் வேலை. 2025-26இன் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாயில் போட்டால் 2,520 ரூபாய். சேமிப்பதைவிடச் சேமிக்க உட்காரும் நேரத்துக்கு 1,020 ரூபாய் அதிகம்! காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவர்கள் இருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்களை அமைக்கும் வேலை, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட்டின் நிதியுதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கியது. சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. நேரத்துக்கு மட்டும் பக்கம் இல்லை.

வங்கிக் கடன் வந்ததும் கணக்கு புரளும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு, தன் தொகுப்பு நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1,50,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதைக் கேட்கலாம். நம் குழுவின் ஆறு மாதச் சேமிப்பான 9,000 ரூபாயின் ஆறு மடங்கு 54,000தான். ஆகவே ஒன்றரை லட்சம். ஆண்டுக்கு 7 சதவீதத்தில் முதல் மாத வட்டி 875. வெளியில் நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்கினால் 7,500. கூட்டக் கூலியைக் கழித்தும் 4,105 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் லாபம் கடனில்தானா? ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளில் பொருளியலாளர்கள் பானர்ஜி, டஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய சிறுகடனால் உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு உள்ள மதிப்பு எதிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஜார்க்கண்ட், ஒடிசாவில் ‘ஏக்ஜுட்’ அமைப்பு செய்தது வேறு. 2005 முதல் 2008 வரை 18 பகுதிகளில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பிரசவம், பச்சிளங்குழந்தை பற்றிக் கதையும் விளையாட்டுமாகப் பேசினார்கள். முன்பே சேமிப்புக்காகக் கூடிவந்த குழுக்களும் அவற்றில் உண்டு. பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம் மற்ற 18 பகுதிகளைவிட 32 சதவீதம் குறைந்தது. 2013இல் இதுபோன்ற ஏழு ஆய்வுகளின் 1,19,428 பிறப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில் இந்த இறப்பில் குறைவு 33 சதவீதம்.

மாதம் ஒரு கூட்டமே போதும் என்று இதை வைத்தே ஒருவர் வாதாடலாம். 1,890 ரூபாய் மிச்சமாகும். ஆனால் அங்கே அந்த நேரம் வசூலில் போகவில்லை. என்னைக் கேட்டால், நான்கில் ஒரு கூட்டத்தில் பணப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம். செலவு 15 மணி நேரம், கூலிக் கணக்கில் 630 ரூபாய்.