மும்முனை மின்னிணைப்பில் மின்னெழுச்சிக் காப்புக் கருவி

மின்னெழுச்சிக் காப்புக் கருவி என்பது மின்னலாலும், மின்சுற்றுகளைத் திடீரென இணைத்துத் துண்டிப்பதாலும் மின்கம்பிகளில் சில மைக்ரோ நொடிகள் மட்டும் தோன்றும் மிகை மின்னழுத்தத்தைப் புவிக்குத் திருப்பிவிடும் கருவி ஆகும். மின்பணியாளர்கள் இதனை சர்ஜ் அரெஸ்டர் என்றும் எஸ்.பி.டி. என்றும் அழைப்பர். இதன் பயன் கருவியின் தரத்தை மட்டுமன்றி, அது இணைக்கப்படும் முறையையும் பொறுத்தது. தருமபுரி மாவட்டம் போன்ற பாறைப் பாங்கான பகுதிகளில் தவறான இணைப்பு உயிருக்கே தீங்காகலாம்.

செயற்பாடு

பெரும்பாலான கருவிகளில் துத்தநாக ஆக்சைடால் ஆன வேரிஸ்டர் உள்ளது. இயல்பான மின்னழுத்தத்தில் இதன் மின்தடை மிக அதிகம். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மின்தடை வெகுவாகக் குறைந்து, எழுச்சி மின்னோட்டம் இதன் வழியே வடிகிறது. பின்னர் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61643-11 எண் தரநிலை இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறது:

- வகை 1: இடிதாங்கி உள்ள கட்டடங்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் பொருத்தப்படுவது.
- வகை 2: பகிர்மானப் பெட்டியில் பொருத்தப்படுவது.
- வகை 3: நுண்ணிய சாதனங்களின் அருகில் பொருத்தப்படுவது.

இணைப்பு முறைகள்

இந்தியாவில் மும்முனை மின்சாரம் முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வழங்கப்படுகிறது. மின்மாற்றியின் நியூட்ரல் அங்கேயே புவியுடன் இணைக்கப்பட்டிருக்கும். ஊர்ப்புற நுகர்வோர் பொதுவாகத் தம் இடத்தில் தனி எர்த் குழி அமைத்துக்கொள்கின்றனர். இத்தகைய அமைப்பில் கருவிகளை இருவகையாக இணைக்கலாம்.

நான்கு கருவி முறை: மூன்று முனைகளும் நியூட்ரலும் தனித்தனிக் கருவிகள் மூலம் எர்த்துடன் இணைக்கப்படும். வேரிஸ்டர் பழுதாகிக் குறுக்கிணைப்பு ஏற்பட்டால் முனை மின்சாரம் எர்த் கம்பியில் பாயும். எர்த் குழியின் மின்தடை 20 ஓம் எனில் மின்னோட்டம் சுமார் 11 ஆம்பியர் மட்டுமே. இது 32 ஆம்பியர் உருகியை உருக்காது. எர்த்துடன் இணைந்த உலோகப் பெட்டி, மோட்டார் உடல் ஆகிய அனைத்திலும் ஆபத்தான மின்னழுத்தம் நிலைத்து நிற்கும். ஆகவே இம்முறையில் கருவிகள் ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின் துண்டிப்பானுக்குப் பின்னரே அமைய வேண்டும்.

மூன்றுடன் ஒன்று முறை: மூன்று முனைகளும் வேரிஸ்டர்கள் மூலம் நியூட்ரலுடனும், நியூட்ரல் ஒரு பொறி இடைவெளிக் கருவி மூலம் எர்த்துடனும் இணைக்கப்படும். வேரிஸ்டர் பழுதானால் மின்னோட்டம் குறைந்த தடையுள்ள நியூட்ரல் வழியே மிகுதியாகப் பாய்ந்து உருகியை உருக்கும். எனவே தனி எர்த் உள்ள இடங்களுக்கு இதுவே ஏற்றது.

கம்பியின் நீளம்

நேரான கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி தூண்டம் உடையது. 10 கிலோ ஆம்பியர் எழுச்சியில் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 1,000 வோல்ட்டைக் கூட்டும். 1,500 வோல்ட்டில் கட்டுப்படுத்தும் கருவியை 2 மீட்டர் கம்பியால் இணைத்தால் சாதனத்தை அடைவது 3,500 வோல்ட் ஆகும். வீட்டுச் சாதனங்கள் பொதுவாக 2,500 வோல்ட்டைத் தாங்கும்படியே செய்யப்படுகின்றன. எனவே முனைக் கம்பியிலிருந்து கருவி வழியாக எர்த் பட்டை வரையுள்ள மொத்த நீளம் 0.5 மீட்டரை மீறலாகாது. கம்பியைச் சுருளாகச் சுற்றுவதும் கூடாது.

தருமபுரி மாவட்டத்தில்

ஏப்ரல், மே மாதக் கோடை மழையின்போது இப்பகுதியில் இடி மின்னல் மிகுதி. கடும்பாறை நிலமாதலால் வறண்ட காலத்தில் எர்த் குழியின் மின்தடையைக் குறைப்பது அரிது. பாசனம் பெரிதும் ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்துள்ளது.

நீர்மூழ்கி மோட்டாரின் உடல் நீரில் அமிழ்ந்திருப்பதால் அதுவே நல்ல புவி இணைப்பாகிவிடுகிறது. கருவியை மேலே உள்ள வறண்ட எர்த் குழியுடன் மட்டும் இணைத்தால், எழுச்சி மோட்டாரின் சுருளைத் துளைத்து நீரை நோக்கிச் செல்லும். கேசிங் குழாய் பாறை தொடங்கும் ஆழத்தோடு நின்றுவிடுவதால், அது பல கிணறுகளில் நீரைத் தொடுவதில்லை. ஆகவே மோட்டார் உடலிலிருந்து மேலே வரும் எர்த் கம்பி, கருவியின் எர்த் முனை, ஸ்டார்ட்டர் பெட்டி, எர்த் குழி ஆகிய யாவும் ஒரே பட்டையில் இணைக்கப்பட வேண்டும்.

வரம்புகள்

நியூட்ரல் கம்பி அறுந்து நீண்ட நேரம் நிலவும் மிகை மின்னழுத்தத்தை இக்கருவி தடுக்காது. அதனால் இதுவே சூடேறிப் பழுதாகலாம். பல கருவிகளில் உள்ள சிறு சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறினால் அப்பகுதியை மாற்ற வேண்டும். இணைப்புப் பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- இடிதாங்கி
- மின்னல்
- மும்முனை மின்சாரம்